அப்பா இடத்துக்கு ஆள் வந்தாச்சு

புஜ்ஜி,

இருபது வயசு ஆன பிள்ளையை இப்படிக் கூப்பிடக் கூடாது என்று நீ எத்தனையோ தடவை சொல்லிவிட்டாய். உன் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் கூப்பிடவே கூடாது என்றாய். காகிதத்தில் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கப் போகிறது? ஆனாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நான் ஷூ கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாவது வரை படித்தவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். என் பக்கத்து மிஷின் செல்வி பிழை பார்த்துக் கொடுக்கிறாள். பிள்ளைகளை வெளியூரில் படிக்க வைத்திருக்கிற நாலைந்து பேர் எங்கள் தையல் லைனில் இருக்கிறார்கள். எழுதி முடித்ததும் எங்களுக்கும் ஒரு தடவை படித்துக் காட்டு என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. கோபப்படாதே.

போனில் சொல்லியிருக்கலாம்தான். நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். மாசக் கடைசியில் காலேஜில் டி.சி. வாங்கிக்கொண்டு, ரூமைக் காலி செய்துவிட்டு, ஒண்ணாம் தேதி அப்பாவின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடுவதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறாய். அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். முழுக்கப் படி. அப்புறம் டி.சி. வாங்குவதா வேண்டாமா என்று யோசி.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று அந்தச் சூப்பர்வைசர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நம் பக்கத்தில் தோல் பதனிடுகிற டேனரியில் ஒருத்தர் போய்விட்டால், வீட்டில் பையன் இருந்தால் அந்த இடத்தைக் கொஞ்ச நாள் காலியாக வைத்திருப்பார்கள். அது மரியாதைக்குச் செய்வது. "இருபத்திரண்டு வருஷம் தோலைத் தரம் பிரிச்ச கைங்கம்மா அது. அந்த மேசையில வேற ஆளை உடனே நிறுத்த முதலாளிக்கு மனசு வரல. தம்பி வந்து கத்துக்கட்டும்" என்றார். நான் காபித் தம்ளரோடு நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "வர்றேன் சார், ஒண்ணாம் தேதி வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டாய். பஸ் கண்டக்டரிடம் இறங்குகிற ஊர் சொல்வது மாதிரிச் சொன்னாய்.

அவர் போனதும் நீ சமையல்கட்டுக்கு வந்தாய். என் தோளில் தலையை வைத்துக்கொண்டு சொன்னாய்: "நீ தினமும் அனுப்புன நூத்தியொண்ணுலதாம்மா நான் சாப்ட்டேன். அப்பா சொன்ன மாதிரியே ஒரு பைசா குடுக்கல. நீ இல்லன்னா முதல் வருஷமே மூட்டையக் கட்டிட்டு வந்திருப்பேன். அப்பா போனதுக்கு அப்புறம் உன்னால அனுப்ப முடியல, எனக்குப் புரியுது. இனிமே உன்னைப் பேஜார் பண்ண மாட்டேன்."

எந்த நூற்றொன்று?

அந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, புஜ்ஜி. நான் கேட்கவில்லை. நான் உனக்கு ஒரு நாளும் நூற்றொன்று அனுப்பியது இல்லை. எனக்குப் போனில் காசு அனுப்பவே அன்றைக்குத் தெரியாது. ஆனால் நீ என் தோளில் சாய்ந்து இரண்டு வருஷம் இருக்கும். உன் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். செய்யாத ஒன்றுக்கு நன்றி வாங்கிக்கொண்டேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. நீ சென்னைக்கு பஸ் ஏறின பிறகுதான் அது நெஞ்சில் முள்ளாக நின்றது.

நீ என்னை நினைத்ததில் தப்பு இல்லை. நீயும் அப்பாவும் சண்டை போட்ட அன்றைக்கு நான் நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். பூமிக்குள் இருக்கிற பாறையைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னதும் அவர் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டார்.

"கல்லைப் படிக்கிறதுக்கு மெட்ராஸ் போவணுமா? பாலாத்துல எறங்கு. லோடு லோடா கெடக்குது."

"மணலத்தான் மொத்தமா அள்ளிட்டாங்களே, கல்லாவது மிச்சம் இருக்குதான்னு பார்க்கத்தான் போறேன்" என்றாய் நீ.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவருக்கு அதுதான் ஜாஸ்தி கோபம். "வாணியம்பாடியில காலேஜ் இருக்குது. காலைல பஸ் ஏறினா சாயந்திரம் வூட்டுச் சோறு. அது வாணாம், மெட்ராஸ்தான் வேணும்னா போ. பீஸு நான் கட்றேன். வாடகை, சோறு, பஸ்ஸு எல்லாம் உன் பாடு. என்கிட்ட ஒரு பைசா எதிர்பார்க்காத" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று ஒன்று இருந்ததா? நீ வீட்டுக்கு வந்தால், "சாப்பிடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். "சாப்ட்டாச்சுன்னு சொல்லு" என்று நீயும் என்னிடம்தான் சொல்வாய். இரண்டு பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

பஸ் ஸ்டாண்டில் நான் உன் காதில், "நான் பார்த்துக்கிறேன், அப்பாகிட்ட சொல்லாத" என்று சொன்னேன். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தையும் எழுதிவிடுகிறேன், இங்கே இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். நீ வரும்போது என் சம்பளத்தில் கொஞ்சத்தைக் கையில் திணிப்பேன். அதோடு இருபது கிலோ அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு. உன் ரூமில் அடுப்பு வைக்க விடமாட்டார்கள் என்பது எனக்கு ஆறு மாசம் கழித்துத்தான் தெரியும். அது வரைக்கும் அந்த அரிசியை எல்லாம் வாட்ச்மேன் வீட்டில் கொடுத்துவிட்டு, அவர்கள் வடித்த சோற்றில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வேளை சாப்பிட்டாயாம். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "நீ ஆசையா கட்டிக் குடுத்தம்மா" என்றாய். பிள்ளைக்கு என்ன தேவை என்று கேட்காமல், எனக்கு என்ன கொடுக்கத் தெரியுமோ அதைக் கொடுத்தேன். மில்லில் அரிசி வாங்கி மூட்டை கட்டத் தெரியும். கட்டினேன்.

சரி, நூற்றொன்றுக்கு வருகிறேன். நீ போன மறுநாள் அப்பாவின் போனைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய்ச் செல்வியிடம் கொடுத்தேன். பூட்டைத் திறக்கிற நம்பர் உன் பிறந்த நாள். அதுவே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் எதையோ தட்டி, விரலால் மேலே தள்ளினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"யக்கா, இன்னாக்கா இது? நூத்தியொண்ணு, நூத்தியொண்ணு, நூத்தியொண்ணு... உங்க வூட்டுக்காரு தினமும் மொய் எழுதினே இருந்தாரா?"

எல்லாம் உன் பேருக்கு. எல்லாம் காலை ஏழு மணியை ஒட்டி. ஞாயிற்றுக்கிழமை உண்டு, பொங்கல் உண்டு. மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தாரே, அந்த மூன்று நாளும் உண்டு. கம்பளிக்குள் படுத்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த ஒரு ரூபாயைப் பார்த்தாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் யாருக்கும் முழுசாக நூறு என்று கொடுத்தது கிடையாது. கல்யாண வீடோ, கோயில் உண்டியலோ, உனக்குச் சட்டை எடுக்கிற காசோ, மேலே ஒரு ரூபாய் இருக்கும். "நூறுன்னா அத்தோட முடிஞ்சுது. ஒண்ணு சேர்த்தா இன்னும் வருதுன்னு இருக்கும்" என்பார். நான் இருபத்தி நாலு வருஷம் அந்தக் கையில் வாங்கியவள். நீயும் சின்னப் பிள்ளையிலிருந்து வாங்கியவன். இருந்தும் நீ, அப்பா போனை அம்மாதான் அவருக்குத் தெரியாமல் எடுத்து அனுப்புகிறாள், அந்த ஒரு ரூபாயை அவரைப் பார்த்துப் பழகியிருக்கிறாள் என்று நினைத்தாய். நானோ, உனக்கு மாசாமாசம் அரசாங்கம் கொடுக்கிற ஆயிரமும் நான் கொடுப்பதும் போதுமாக இருக்கிறது, பிள்ளை சிக்கனம் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

ஆனால் காசு எங்கிருந்து வந்தது? இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சம்பளக் கவரை அவர் பிரிக்காமல் என் கையில் கொடுப்பார். பஸ்ஸுக்கும் டீக்கும் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கடனா? சீட்டாட்டமா? கம்பெனிப் பொருளில் கை வைத்தாரா? துக்க வீட்டுக்காரிக்கு இப்படி எல்லாம் யோசனை போகலாமா என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் அந்த யோசனை வந்த பிறகுதான் நான் சாப்பாடு என்று ஒன்றைச் சாப்பிட ஆரம்பித்தேன். மனுஷர் போய்விட்டார். ஆனால் அவரிடம் எனக்குத் தெரியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்கிற வரைக்கும் அவர் முழுசாகப் போகவில்லை என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பஷீர் பாய் வீட்டுக்குப் போனேன். அப்பாவோடு ஒரே மேசையில் நின்று வேலை பார்த்தவர், அவருடைய தோஸ்த். நான் போனைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கச்சி, அவன் காலையில எங்க போவான்னு உன்கிட்ட இன்னா சொன்னான்?"

"நடக்கப் போறேன்னு. சுகருக்கு டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்கன்னு."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அவன் எங்கம்மா நடந்தான்? என் ஸ்கூட்டர் பின்னாடி உட்கார்ந்து எங்க மச்சானோட தோல் மண்டிக்கு வருவான். ஒரு மணி நேரம் ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்து இது முதல் ரகம், இது மூணாவதுன்னு பிரிச்சு வைப்பான். மச்சான் நூறு ரூபா கையில குடுப்பாரு. அங்கேயே ரெண்டு டீ, அதுவும் சக்கரை ஜாஸ்தியா. உடனே டீக்கடைப் பையன்கிட்ட அந்த நூறும் மேல ஒரு ரூபாவும் குடுத்து, போனுக்கு மாத்தி, உன் பிள்ளைக்கு அனுப்புவான். காய்ச்சல்ல படுத்த மூணு நாளும் நான் போனுக்குப் போட்டேன், எழுந்து வந்து கூட வேலை பார்த்துக் கழிச்சான்."

ஒன்றரை வருஷம் நடந்தும் சுகர் ஏன் குறையவில்லை என்று டாக்டரம்மா என்னைத் திட்டினார்கள், புஜ்ஜி! வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்திருந்தேன். ராகிக் களி கிண்டிக் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம் தூரமா நடங்க" என்று துரத்தியும் விட்டேன். "சரி, நாளையிலேர்ந்து அரை மணி கூடப் போறேன்" என்று முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார். பாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் சிரித்தேன். அவர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன். பாயின் சம்சாரம் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"என்கிட்ட ஏன் பாய் மறைச்சாரு?"

"ஒரு பைசா தரமாட்டேன்னு உன் முன்னாடி சொன்னவனாச்சே. உன்கிட்ட சொன்னா நீ பிள்ளைகிட்ட சொல்லிடுவ. அவனாத் தெரிஞ்சுக்கட்டும்னான். பணம் போனதும் போனைக் கையிலயே வச்சிருப்பான். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். அப்புறம் பாக்கெட்ல போட்டுக்குவான்."

எதற்கு வைத்திருந்தார் என்று உனக்குத் தெரிகிறதா? நீ ஒரு நாளும் பதில் போடவில்லை. அந்தப் போனுக்குப் பதில் போட்டால் அப்பா பார்த்துவிடுவார், அம்மா மாட்டிக்கொள்வாள் என்று நீ போடவில்லை. எனக்காகத்தான் போடவில்லை. இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ குற்றவாளி இல்லை. அதை மட்டும் இரண்டு தடவை படி.

அடுத்த நாள் காலையில் பாய் ஸ்கூட்டரில் நானும் மண்டிக்குப் போனேன். பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர் உட்கார்ந்த முக்காலி, மேலே தொங்குகிற லைட்டு, அடுக்கி வைத்த தோல். மண்டிக்காரர் எழுந்து நின்று சலாம் சொன்னார். அவர் போனதிலிருந்து சரியான ஆள் கிடைக்கவில்லை, போன லோடில் ரகம் மாறிப்போய்த் திரும்பி வந்துவிட்டது என்று பாயிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். நான் சும்மா முக்காலியில் உட்கார்ந்து மேலே இருந்த தோலை எடுத்தேன். முதல் ரகத்தில் வைத்திருந்தது. கட்டை விரல் ஓரத்தில் நெருடியது. லைட்டில் பிடித்துப் பார்த்தால் உண்ணி கடித்த தடம், கடுகு கடுகாக நாலு.

"இதை ஷூ முன்பக்கத்துக்கு வெட்டினா, தைக்கும்போது புள்ளி புள்ளியாத் தெரியுமே. எங்க லைன்ல இப்படி வந்தா நாங்க தூக்கி எறிஞ்சிருவோம்" என்றேன்.

மண்டிக்காரர் பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். "இன்னொண்ணு எடும்மா" என்றார் மண்டிக்காரர். எடுத்தேன். அன்றைக்கு இருபது தோல் எடுத்தேன், மறுநாளிலிருந்து தினமும் அதே நூறு ரூபாய்க் கூலிக்கு வரச் சொன்னார். பதினெட்டு வருஷமாகத் தைக்கிறேன். எங்கே ஊசி இறங்கினால் கிழியும், எங்கே நிற்கும் என்று என் விரலுக்குத் தெரியும். தோல் வாங்குகிற இடத்தில் இருக்கிறவர்களுக்குத் தையல் தெரியாது. தையலில் இருக்கிற எங்களை யாரும் அந்தப் பக்கம் கூப்பிட்டதும் இல்லை. "அவர் நூத்துல எட்டு தோலைச் சந்தேகம்னு ஒதுக்குவாரு. நீ பன்னெண்டு ஒதுக்குறியே" என்று மண்டிக்காரர் இழுத்தார். "நான் நல்லதுன்னு வச்சதுல ஒண்ணு திரும்பி வந்தாலும் என்னைக் கேளுங்க" என்றேன். ஒரு தோலும் திரும்பி வரவில்லை.

ஆக, அப்பா இடத்துக்கு ஆள் வந்தாச்சு. டேனரி மேசையைச் சொல்லவில்லை, அந்த முக்காலியைச் சொல்கிறேன். உன்னை மேசையில் நிறுத்த அவருக்கு ஆசை இருந்தால், ஒன்றரை வருஷம் விடியற்காலையில் எழுந்து உன்னை அங்கேயே இருக்க வைத்திருப்பாரா? கீழ்வீட்டு அம்மா கேட்டாள், "காலங்காத்தால எங்கக்கா போற?" "சுகருக்கு நடக்கிறேன்." "உனக்குத்தான் சுகரே இல்லையே!" "வராம இருக்கத்தான்."

இனிமேல் எப்படி என்று சொல்கிறேன். இது எங்கள் லைனில் எல்லோரையும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. நான்தான் ஏழாம் தேதி சம்பளத்தை அப்படியே மொத்தமாக உனக்கு அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தத் தப்பை நான் பண்ணிட்டேங்க்கா. எங்க பாப்பா கோயம்புத்தூர்ல முதல் வாரம் ராணி, கடைசி வாரம் பன்னு. கேட்டா, கூடப் படிக்கிற பொண்ணுக்கு பரீட்சை பீஸ் கட்டிட்டேம்மான்றா. திட்டவும் முடியல." அதனால் வாடகையும் மெஸ்ஸும் சம்பளம் வந்ததும் நானே நேராக அவர்களுக்குக் கட்டிவிடுகிறேன். அது உன் கையில் படவே வேண்டாம். அப்பாவுக்குக் கம்பெனியிலிருந்து வருகிற பணம் உன் பீஸுக்கு மட்டும், அதை யார் கல்யாணத்துக்குக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். அரசாங்க ஆயிரம் புத்தகத்துக்கும் நீங்கள் மலைக்குப் போய்க் கல் பார்க்கிறீர்களே, அந்தப் பயணத்துக்கும். அப்பா இல்லாத பிள்ளைக்குக் காலேஜில் சலுகை ஏதாவது இருக்கிறதா என்று ஆபீசில் கேள். வெட்கப்படாதே, கேட்கிற வாய்க்கு அபராதம் கிடையாது. சனி ஞாயிறு சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன் என்றால் எடு. ராத்திரியில் வண்டியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை வேண்டாம். உனக்கு ஏதாவது ஆனால் நான் யாரைக் கேட்பேன்? காசு கம்மியானால் கம்மி என்று சொல். அரிசி அனுப்பமாட்டேன், பயப்படாதே.

அப்புறம் அந்த நூற்றொன்று. செல்வி எனக்குப் போனில் அனுப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். முதல் நாள் விரல் தவறி, பத்தாயிரத்துப் பத்து என்று அடித்துவிட்டேன். கணக்கில் அவ்வளவு இல்லாததால் தப்பித்தோம். நாளையிலிருந்து ஏழு மணிக்கு வரும். வந்ததும் ஏதாவது ஒன்று அனுப்பு. எழுத்து வேண்டாம், அந்தக் கட்டைவிரல் படம் போதும். நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இதை முடித்து மடிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. செல்வி அந்த வரிசையைத் தள்ளிக்கொண்டே வந்தாளே, கடைசியில் இருந்தது அவர் போன அன்றைக்கு அனுப்பியது. அன்றைக்கும் மண்டிக்குப் போயிருக்கிறார், டீ குடித்திருக்கிறார், வீட்டுக்கு வந்து குளித்து, சட்டையில் ஒரு கையை நுழைத்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. அன்றைக்கு ஏழு மணிக்கு ஒரு நூற்றொன்று போயிருக்கிறது. நாலு நிமிஷம் கழித்து இன்னொரு நூற்றொன்று போயிருக்கிறது. இத்தனை நாளில் இரண்டு தடவை போனது அன்றைக்கு மட்டும்தான். மண்டியில் கொடுத்தது ஒரு நூறுதான். பாயைக் கேட்டேன். டீ கிளாஸை வைக்கப் போயிருந்தேன், பார்க்கவில்லை என்றார். உனக்கும் இரண்டு வந்திருக்கும், அம்மா மறந்துபோய் அனுப்பிவிட்டாள் என்று நினைத்திருப்பாய். முதலில் அனுப்பியதை மறந்துவிட்டாரா? கை ஏதோ தடுமாறியதா? நீ அன்றைக்காவது ஏதாவது பதில் போடுவாய் என்று பார்த்தாரா? இல்லை, மறுநாளைக்கும் சேர்த்துத்தான் அனுப்பினாரா, புஜ்ஜி?